பாஸ்தா யாருடையது? சிசிலி முஸ்லிம்களின் மறந்துபோன கதை



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

சென்ற நோன்பு மாதம் நமதூர்ச் சகோதரி ஒருவர் வீட்டிலிருந்தே இஃப்தார் பெட்டிகள் செய்து விற்றார். வழமையான சமோசா, கட்லட், ரோல்ஸோடு புதிதாக இரண்டு சாமான்கள். ஒன்று, ரிக்கொட்டா சீஸும் அருகுலா இலையும் சேர்த்த பாஸ்தா. மற்றது, அதே இரண்டையும் முட்டையில் கலந்து, பேஸ்ட்ரி மா விரித்த தட்டில் ஊற்றி ஒவனில் சுட்ட கீஷ். நாமும் வாங்கிச் சாப்பிட்டோம், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஊர் வட்ஸ்அப் குழுமத்தில் இரண்டு நாளாக அதுதான் பேச்சு. “நோன்புக் கஞ்சியை விட்டுவிட்டு வெள்ளைக்காரன் சாப்பாடு எதற்கு?” என்றார் ஒருவர். இன்னொருவர் எங்கிருந்தோ வந்த ஒரு படத்தை அனுப்பினார். தலைப்பாகை கட்டிய சுல்தான் ஒருவர், அவருக்குக் கீழே பெரிய எழுத்தில், “பாஸ்தாவைக் கண்டுபிடித்தவர்கள் முஸ்லிம்களே! இத்தாலியர் நம்மிடமிருந்து திருடியது!” அதற்கு நாற்பது ஐம்பது மாஷா அல்லாஹ். சரித்திரம் படிப்பிக்கிறவர்கள் என்பதால் எங்களிடமும் கேட்டார்கள். பொறுங்கள், பார்த்துச் சொல்கிறோம் என்றோம்.

அந்தக் கிழமையே வகுப்பில் இந்தக் கதை வந்தது. சிசிலித் தீவை முஸ்லிம்கள் இருநூறு வருடத்துக்கு மேல் ஆண்டார்கள், பாஸ்தாவுக்கும் அவர்களுக்கும் தொடர்பு உண்டு என்று சொல்லிக்கொண்டு போனோம். பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை கையை உயர்த்தினான். “அந்த முஸ்லிம்கள் இப்ப எங்க சேர்?”

அந்தக் கேள்விக்கு உடனே முழுதாகப் பதில் சொல்ல எங்களால் முடியவில்லை. இந்தப் பதிவு அவனுக்காகவும்தான்.

முதலில் மார்கோ போலோவை ஒதுக்கி வைப்போம். அவர் சீனாவிலிருந்து பாஸ்தாவை இத்தாலிக்குக் கொண்டுவந்தார் என்று நாமும் சின்ன வயதில் எங்கோ படித்திருக்கிறோம். அவர் வெனிஸ் திரும்பியது 1295இல். ஆனால் ஜெனோவா நகரில் 1279இல் ஒரு நொத்தாரிசு எழுதிய சொத்துப் பட்டியல் இன்றும் இருக்கிறது. இறந்துபோன ஒருவரின் உடைமைகளில் ஒரு கூடை நிறைய மாக்கரோனி என்று அதில் பதிந்திருக்கிறார். முடிதுமுக்காகக் கணக்கெடுக்கும் சாமான்களோடு சேர்த்து எழுதியிருக்கிறார் என்றால் அது காய்ந்த, கெடாத, விலை பெறும் பொருளாக இருந்திருக்க வேண்டும். மார்கோ போலோ கதையை 1929இல் ஊதிப் பெருப்பித்தது அமெரிக்க மாக்கரோனி உற்பத்தியாளர்களின் சஞ்சிகை ஒன்று. வியாபார விளம்பரம் சரித்திரமாகிப் போனது. நம்மவர் படமும் அதே வழியில்தான் போகிறது.

இனி உண்மையான சாட்சிக்கு வருவோம். அவர் பெயர் அஷ்ஷரீஃப் அல் இத்ரீஸி. மொரோக்கோக் கரையிலுள்ள ஸப்தா நகரில் பிறந்தவர் என்பர். சிசிலியின் தலைநகர் பலேர்மோவில், இரண்டாம் ரொஜர் என்ற கிறிஸ்தவ மன்னரின் அரசவையில் இருந்து உலகப் புவியியல் நூல் ஒன்றை அரபியில் எழுதினார். 1154இல் முடித்தார். அடுத்த மாதமே மன்னர் இறந்துவிட்டார். மன்னருக்காகப் பெரிய வெள்ளித் தட்டு ஒன்றில் உலகப் படமும் செதுக்கிக் கொடுத்தார்கள். தட்டு சில வருடங்களில் கலகத்தில் காணாமற்போனது, நூல் தப்பியது.

அந்த நூலில் பலேர்மோவுக்குக் கிழக்கே கடலோரத்திலுள்ள திராபியா என்ற ஊரைப் பற்றி ஒரு குறிப்பு வருகிறது. அரபியில் அத்தர்பீஆ. வற்றாத தண்ணீர் ஓடும் ஊர், அந்தத் தண்ணீரால் சுழலும் மா ஆலைகள் பல, பரந்த வயல்கள். அங்கே ‘இத்ரிய்யா’ மிக அதிகமாகச் செய்கிறார்கள், கலாப்ரியாவுக்கும் முஸ்லிம்களின் நாடுகளுக்கும் கிறிஸ்தவர்களின் நாடுகளுக்கும் கப்பல் கப்பலாக ஏற்றி அனுப்புகிறார்கள் என்று எழுதுகிறார். இத்ரிய்யா என்றால் கோதுமை ரவையில் நூல் நூலாகச் செய்து காய வைக்கும் உணவு. ஒன்பதாம் நூற்றாண்டுச் சொல்லகராதி ஒன்றிலேயே அந்த விளக்கம் இருக்கிறது. ஆக, 1154இல் திராபியாவில் நடந்தது வீட்டுச் சமையல் அல்ல, ஏற்றுமதி வியாபாரம். காய்ந்த பாஸ்தாவை அவ்வளவு பெரிய அளவில் ஓரிடத்தில் செய்து கடல் கடந்து விற்றதற்கு நமக்குத் தெரிந்த ஆகப் பழைய சாட்சிகளில் ஒன்று இது.

இதில் நம் நாட்டவருக்கு ஒரு சின்னச் சந்தோசம். அதே நூலில் சரண்தீபும் வருகிறது, நம்முடைய இலங்கை. இங்குள்ள மன்னருக்குப் பதினாறு ஆலோசகர்கள், நால்வர் மன்னரின் மதத்தவர், நால்வர் முஸ்லிம்கள், நால்வர் கிறிஸ்தவர்கள், நால்வர் யூதர்கள் என்கிறார் இத்ரீஸி. அவர் இலங்கைக்கு வந்தவரல்லர், கேட்டும் படித்தும் எழுதியது. அதனால் இந்தப் பதினாறு பேரையும் மேடையில் முழங்குமுன் கொஞ்சம் நிதானம் தேவை. திராபியா அப்படியல்ல. அவர் இருந்த பலேர்மோவிலிருந்து அது ஏறக்குறைய 30 கிலோமீற்றர்தான், புத்தளத்திலிருந்து கற்பிட்டிக்குப் போகிற தூரம்கூட இல்லை.

அப்படியானால் ‘கண்டுபிடித்தவர்கள் முஸ்லிம்களே’ என்பது சரிதானே என்று கேட்பீர்கள். சரியில்லை. இத்ரிய்யா என்ற சொல்லே அரபிச் சொல்லல்ல. இரண்டாம் நூற்றாண்டுக் கிரேக்க மருத்துவர் கேலன் ‘இத்ரியோன்’ என்ற மா உணவைப் பற்றி எழுதுகிறார். யூதர்களின் ஜெரூசலம் தல்மூதில் ‘இத்ரியும்’ வருகிறது. பிறகுதான் அது அரபிக்கு வந்தது. அரபியிலிருந்து சிசிலிக்கும் தென் இத்தாலிக்கும் போய் ‘திரியா’ ஆனது. இத்தாலியின் குதிக்காலில் உள்ள லெச்சே பக்கத்தில் இன்றும் ‘சிச்சேரி எ திரியா’ என்றொரு சாப்பாடு. சிச்சேரி என்றால் கடலை. அவித்த கடலையோடு பாஸ்தா, அதில் ஒரு பங்கை அவிக்காமல் எண்ணெயில் பொரித்துப் போடுவார்கள். 1226இல் பக்தாதில் எழுதப்பட்ட சமையல் நூலில் ‘ரிஷ்தா’ என்று ஒன்று இருக்கிறது. இறைச்சி, கறுவா, கடலை, பருப்பு, அதற்குள் மெல்லிதாக வெட்டிய மா நூல்கள். லெச்சேக்காரர் சாப்பாட்டையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். கிரேக்கர், யூதர், அரபிகள், சிசிலியர் என்று எல்லார் கையும் பட்டது. முஸ்லிம்களின் பங்கு என்னவென்றால், உலர்த்திப் பெருந்தொகையாகச் செய்து கப்பலேற்றிய காலமும் இடமும் அவர்களுடையவை. அதுவே பெரிய விடயம். அதற்கு மேல் ஊதத் தேவையில்லை.

சரி, முஸ்லிம்கள் சிசிலிக்கு எப்படிப் போனார்கள்? 827இல் கைரவானின் காழி அஸத் இப்னுல் ஃபுராத் தலைமையில் படை ஒன்று மாஸாரா கரையில் இறங்கியது. பெரிய மார்க்கச் சட்ட அறிஞர், அப்போது வயது அறுபதைத் தாண்டியிருந்தது. மறு வருடமே அங்கே காலமானார். 831இல் பலேர்மோ விழுந்தது, முழுத் தீவும் கைக்கு வரப் பத்தாம் நூற்றாண்டு ஆயிற்று. போர்க் கதைகளை விடுவோம். அவர்கள் போன பிறகு அந்தத் தீவின் சமையலறைக்கு என்னென்ன வந்தன என்று பாருங்கள். எலுமிச்சை, தோடை, கரும்பு, நெல், கத்தரி. இவற்றுக்குத் தண்ணீர் வேண்டும். நீர்ப்பாசனத்துக்குச் சிசிலிக்காரர் சொல்லும் சொற்கள் இன்றும் நம் மத்ரஸாப் பிள்ளைகளுக்கு விளங்கும். தண்ணீர்த் தொட்டி ‘ஜெப்பியா’, அரபியில் ஜாபியா. வாய்க்கால் ‘சாயா’, அரபியில் ஸாகியா. நீர் இறைக்கும் சக்கரம் ‘செனியா’, அரபியில் ஸானியா. தோடம்பூவுக்கு ‘ஸாகரா’ என்பார்கள், நம்முடைய ஸஹ்ர்.

973இல் பலேர்மோவுக்குப் போன பயணி இப்னு ஹவ்கல் அங்கே முந்நூறு பள்ளிவாசல்கள் கண்டதாக எழுதுகிறார். முந்நூறுக்கு மேற்பட்ட ஆசிரியர்களையும் கண்டாராம். ஆசிரியர்களைப் பற்றி அவர் எழுதியதை இங்கே முழுதாகச் சொல்ல எங்களுக்கு மனமில்லை! போருக்குப் போகாமல் தப்பத்தான் இவர்கள் ஆசிரியத் தொழிலுக்கு வந்தார்கள், அறிவு குறைந்தவர்கள் என்கிறார். ஊராரின் மந்த புத்திக்குக் காரணம் காலை மாலை பச்சை வெங்காயம் தின்பதுதான் என்றும் ஒரு கண்டுபிடிப்பு. ஆயிரம் வருடமாக ஆசிரியர்களுக்கு ஏச்சுத்தான்.

இப்போது அந்தச் சகோதரியின் பெட்டிக்குள் இருந்த மற்றச் சாமான்களைப் பார்ப்போம்.

அருகுலா என்பது அமெரிக்காவில் வழங்கும் பெயர். இத்தாலியில் ரூகொலா, ஆங்கிலேயர் ரொக்கெட் என்பர். சவூதியிலோ கட்டாரிலோ இருந்து வந்தவர்களிடம் அந்த இலையைக் காட்டுங்கள், “ஜிர்ஜீர்” என்று உடனே சொல்வார்கள். சுட்ட மீனோடும் கபாபோடும் தேசிக்காயோடும் கட்டுக் கட்டாக வைப்பார்களே, அதுதான். ‘வெள்ளைக்காரன் கீரை’ என்று சொன்ன அதே சகோதரர் பன்னிரண்டு வருடம் ஜித்தாவில் இருந்து அதைச் சாப்பிட்டிருக்கிறார் என்பது வேறு கதை. கடுகுக் குடும்பத்துச் செடி. அதனால்தான் நாக்கில் அந்தக் காரம். ரோமர்கள் அரபிகளுக்கு முந்தியே தோட்டத்தில் வளர்த்தார்கள். ஆகவே இதையும் நம்முடையது என்று எழுதிக்கொள்ள வழியில்லை.

ரிக்கொட்டா ஆட்டிடையர்களின் சிக்கனத்தில் பிறந்தது. பாலைத் திரித்து சீஸ் எடுத்த பிறகு ஒரு தெளிநீர் மிஞ்சும். அதில் இன்னும் புரதம் இருக்கிறது. அதை மறுபடி அடுப்பிலேற்றி 80, 90 பாகைக்குச் சூடாக்கினால் மெல்லிய வெள்ளைத் திரள் மேலே வரும். அதைக் கூடையில் அள்ளி வடித்தால் ரிக்கொட்டா. அந்தப் பெயரின் அர்த்தமே ‘மறுபடி சமைத்தது’ என்பதுதான். சிசிலியில் செம்மறிப் பாலில் செய்வார்கள், இனிப்புக்கும் போடுவார்கள், பாஸ்தாவுக்கும் போடுவார்கள்.

‘தக்காளி இல்லாமல் வெள்ளை வெளேரென்று என்ன பாஸ்தா?’ என்று கேட்டவர்களுக்கும் ஒரு செய்தி. தக்காளி அமெரிக்கக் கண்டத்துச் செடி, 16ஆம் நூற்றாண்டில்தான் ஐரோப்பாவுக்கு வந்தது. பாஸ்தாவோடு அது சேர்ந்தது அதற்கும் வெகு காலம் கழித்து. அதற்கு முன் பல நூறு வருடம் பாஸ்தா என்றால் சீஸோடுதான். 15ஆம் நூற்றாண்டுச் சமையற்காரர் மர்த்தீனோ ‘சிசிலி மாக்கரோனி’ என்று ஒரு செய்முறை எழுதியிருக்கிறார். மாவில் முட்டை வெள்ளையும் பன்னீரும் விட்டுப் பிசைந்து, கம்பியில் சுற்றி உருட்டி, ஓகஸ்ட் வெயிலில் காய வைத்தால் இரண்டு மூன்று வருடம் இருக்குமாம். அவித்த பிறகு துருவிய சீஸ், பட்டர், இனிப்பு வாசனைத் திரவியங்கள். பன்னீரைப் பார்த்தீர்களா? அந்தக் காலத்து இத்தாலியச் சாப்பாட்டு மேசையில் பாஸ்தாவின் மேல் சீனியும் கறுவாவும் தூவுவது சாதாரணம். நல்ல கறுவா எங்கிருந்து போனது என்று புத்தளத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1344இல் இப்னு பதூதா நம் கரையில் இறங்கியபோது கறுவாக் கட்டைகள் கடலோரத்தில் குவிந்து கிடந்ததை எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பாஸ்தாவில் நமக்கும் ஒரு சிட்டிகைப் பங்கு உண்டு.

கீஷ் மட்டும் இந்தக் கதைக்குள் வராது. அது பிரான்சின் லொரேன் பகுதி, ஜெர்மனியை ஒட்டிய எல்லை நாடு. கேக்கைக் குறிக்கும் ஜெர்மன் சொல்தான் அங்கே கீஷ் ஆனது. முட்டையும் கிரீமும் கலந்து மாத் தட்டில் ஊற்றிச் சுடுவது. நம் வட்டிலப்பத்திலிருந்து கருப்பட்டியையும் ஏலத்தையும் எடுத்துவிட்டு உப்பும் மிளகும் போட்டு ஒவனில் வைத்தால் என்ன வருமோ, ஏறக்குறைய அது. லொரேன்காரர் பன்றி இறைச்சித் துண்டு போடுவார்கள், கடையில் வாங்கும்போது கவனம். நம் சகோதரி அந்த இடத்தில் ரிக்கொட்டாவையும் அருகுலாவையும் போட்டிருக்கிறார். நல்ல மாற்று.

ரிக்கொட்டா ஹலாலா என்றும் கேட்டார்கள். சீஸ் திரிக்கப் பயன்படும் ரெனட், கன்றின் வயிற்றிலிருந்தும் எடுக்கப்படுவதுண்டு, பூஞ்சணத்திலிருந்தும் எடுக்கப்படுவதுண்டு. ஹலால் முறைப்படி அறுக்கப்படாத கன்றின் ரெனட் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உள்ளது, அதை ஹஸ்ரத்மாரிடம் விடுகிறோம். சிக்கல் வேண்டாம் என்றால் வீட்டில் செய்துகொள்ளலாம். 2 லீற்றர் பசும்பால், பால்மா சரிவராது. கொதிக்க ஆரம்பிக்கும் தறுவாயில் அடுப்பைக் குறைத்து 4 மேசைக்கரண்டி தேசிப்புளியும் கொஞ்சம் உப்பும் விட்டு, ஒரு தடவை மெதுவாகக் கிளறிவிட்டுச் சும்மா விடுங்கள். கிண்டிக்கொண்டே இருந்தால் இறுகிவிடும். பத்து நிமிடத்தில் திரளும், மெல்லிய துணியில் வடித்தெடுங்கள். இது முழுப் பாலில் செய்வது, தெளிநீரில் செய்யும் இத்தாலியர் இதை ரிக்கொட்டா என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வாய்க்கு வித்தியாசம் தெரியாது. பாஸ்தாவுக்கென்றால், அவித்த தண்ணீரில் ஒரு கோப்பையை எடுத்து வைத்துக்கொண்டு, அடுப்பை அணைத்த பிறகு ரிக்கொட்டாவை அந்தத் தண்ணீரில் இளக்கி, பூண்டு, மிளகு, தேசிக்காய்த் தோல் துருவலோடு பிரட்டுங்கள். ஜிர்ஜீரைக் கடைசியில், பரிமாறும்போது போடுங்கள், அடுப்பில் போட்டால் வாசமெல்லாம் போய்விடும். கீஷுக்கு ரிக்கொட்டாவை இரவே துணியில் தொங்கவிட்டு நன்றாக வடிக்க வேண்டும். 250 கிராமுக்கு 3 முட்டை, அரைக் கோப்பை பால். மாத் தட்டை முதலில் வெறுமையாகச் சுட்டுக்கொண்டு ஊற்றினால் அடி ஊறாது. 180 பாகையில் 35 நிமிடமளவு, நடுவில் இலேசாக ஆடும்போதே எடுத்துவிட வேண்டும். இந்த அளவுகள் எல்லாம் அந்தச் சகோதரியிடம் கேட்டு எழுதியவை, எங்கள் கெட்டித்தனமல்ல.

சமையல் போதும். பிள்ளையின் கேள்விக்கு வருவோம்.

இத்ரீஸி எழுதிய காலத்தில் சிசிலியில் முஸ்லிம்களின் ஆட்சி முடிந்து பல காலமாகிவிட்டது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நோர்மன் என்ற வடக்கத்திக் கிறிஸ்தவர்கள் 1061இல் கரையிறங்கி, 1072இல் பலேர்மோவைப் பிடித்து, 1091இல் கடைசி ஊரையும் எடுத்துக்கொண்டார்கள். ஆகவே திராபியாவில் கப்பலேற்றப்பட்ட அந்த இத்ரிய்யா கிறிஸ்தவ மன்னரின் ஆட்சியில், அவருடைய குடிகள் செய்தது. அந்தப் படத்திலிருந்த சுல்தானுக்கு அங்கே இடமே இல்லை.

ஆரம்பத்தில் பெரிய கஷ்டம் இருந்ததாகத் தெரியவில்லை. இரண்டாம் ரொஜரின் அரச அங்கியில் ஹிஜ்ரி 528 என்று அரபியில் தைத்திருக்கிறது, இன்றும் வியன்னாவில் வைத்திருக்கிறார்கள். அரபி அரசாங்க மொழிகளில் ஒன்று. அவரது பேரன் இரண்டாம் வில்லியம் அரபி வாசிப்பார், எழுதுவார். இதைச் சொல்பவர் இப்னு ஜுபைர், அந்தலூஸைச் சேர்ந்தவர், ஹஜ் முடித்துத் திரும்பும் வழியில் 1184 டிசம்பரில் மெஸ்ஸினா அருகே கப்பல் உடைந்து தப்பியவர். கரைக்குக் கொண்டுவரும் படகுக்குக் கொடுக்கக் காசில்லாத ஏழை முஸ்லிம்களுக்காக மன்னரே கொடுத்தாராம். பலேர்மோவில் பாங்கொலி கேட்டார். திராபானி நகரில் நோன்புப் பெருநாள் கொண்டாடினார். மக்கள் மேளம் தட்டி, கொம்பூதித் தொழுகைத் திடலுக்குப் போனார்கள், கிறிஸ்தவர்கள் அதைத் தடுக்காதது தனக்கு ஆச்சரியம் என்று எழுதுகிறார்.

அதே திராபானியில் அவர் கண்ட இன்னொன்றையும் எழுதினார். ஊரில் மதிப்புள்ள முஸ்லிம் ஒருவர், ஹாஜிகளில் ஒருவரிடம் தன் மகனை அனுப்பிக் கேட்டார், பருவமெய்தும் வயதிலுள்ள என் மகளை ஏற்றுக்கொள்ளுங்கள், நீங்களே மணமுடியுங்கள், அல்லது உங்கள் நாட்டில் நல்லவர் ஒருவருக்குக் கொடுங்கள், எப்படியாவது அவளை இங்கிருந்து கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்று. மகளிடமும் கேட்டார்கள். அவளும் போகவே விரும்பினாள். மேளம் தட்டிப் பெருநாள் கொண்டாடிய அதே ஊர்தான். வெளியே பார்த்தால் எல்லாம் சரி. வீட்டுக்குள் இருந்த தகப்பனுக்கு என்ன வரப்போகிறது என்று தெரிந்திருக்கிறது. மதம் மாறும்படி நெருக்குதல் உள்ளதையும், மார்க்க அறிஞர் ஒருவரே அதற்குப் பணிந்துவிட்டதையும் இப்னு ஜுபைர் குறித்திருக்கிறார்.

ஐந்தே வருடம். 1189இல் வில்லியம் பிள்ளையில்லாமல் இறந்தார். பலேர்மோவில் முஸ்லிம்கள் மீது தாக்குதல் நடந்தது, தப்பியவர்கள் மலைகளுக்கு ஓடினார்கள், அங்கிருந்து சண்டை பிடித்தார்கள். பிறகு வந்தார் இரண்டாம் ஃபிரெட்ரிக். பலேர்மோவில் வளர்ந்தவர், அரபி தெரிந்தவர், முஸ்லிம் அறிஞர்களோடு கடிதம் எழுதியவர், எகிப்து சுல்தான் அல் காமிலோடு போரில்லாமல் ஒப்பந்தம் செய்தவர். இப்படிப்பட்டவர் நம்மவர்களின் நண்பர் என்றுதான் பல நூல்களில் வரும். அவர்தான் 1220களிலிருந்து 1246 வரை சிசிலி முஸ்லிம்களைத் தொகை தொகையாகக் கப்பலேற்றி, இத்தாலியின் உள்நாட்டில் லுச்சேரா என்ற ஊருக்கு நாடு கடத்தினார். 15,000 முதல் 20,000 பேர் என்பது வழமையாகச் சொல்லப்படும் கணக்கு. கடலோரத் தீவிலிருந்து கடல் தெரியாத மேட்டு நிலத்துக்கு. தங்கள் நாட்டு முஸ்லிம்களிடம் போய்ச் சேர முடியாத இடம். அங்கே உழுதார்கள், ஆயுதம் செய்தார்கள், அவருடைய படையில் வில்லாளிகளாகச் சேர்ந்தார்கள். பள்ளிவாசல் இருந்தது, காழி இருந்தார். இரண்டு தலைமுறை கழிந்தது. 1300 ஓகஸ்டில் நேப்பிள்ஸ் மன்னர் இரண்டாம் சார்ள்ஸ் படையனுப்பி ஊரைக் கலைத்தார். பெரும்பாலானவர்களை அடிமைகளாக விற்றார்கள். ஊருக்குப் புனித மரியாளின் பெயர் வைத்தார்கள்.

இதை வகுப்பில் அடுத்த நாள் சொன்னபோது பிள்ளைகள் சத்தம் போடவில்லை. கேள்வி கேட்ட பிள்ளையின் உம்மும்மா 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் சோனகதெருவிலிருந்து ஒரு பையோடு வந்தவர் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொரு வருடமும் அந்த மாதத்தில் ஊரில் பேசுகிறோமே என்று நினைத்திருந்தோம். அவன் வேறு விதமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

லுச்சேராவில் முஸ்லிம்கள் வாழ்ந்துகொண்டிருந்த நாட்களிலேயே, ஃபிரெட்ரிக்கின் மகன் மன்ஃபிரெடின் அரசவையில் ஓர் அரபு நூல் இலத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டது. பக்தாதின் கிறிஸ்தவ மருத்துவர் இப்னு புத்லான் எழுதிய ‘தக்வீமுஸ் ஸிஹ்ஹா’, உடல்நலத்துக்கான உணவுகளின் அட்டவணை. அடுத்த நூற்றாண்டில் வட இத்தாலியில் அதைப் பெரிய படங்களோடு பிரதி செய்தார்கள். ஒரு பக்கத்தில் இரண்டு பெண்கள் நூல் நூலாக மாவைக் காய வைக்கிறார்கள், தலைப்பு ‘திரி’. இன்னொரு பக்கத்தில் ரிக்கொட்டா காய்ச்சுகிறார்கள். வேறொரு பக்கத்தில் தோட்டத்தில் ஜிர்ஜீர். சகோதரியின் பெட்டியில் இருந்த மூன்றும் ஒரே நூலில், மூலம் பக்தாத், மொழி இலத்தீன், மொழிபெயர்த்தது சிசிலி மன்னரின் வீட்டில். அதைப் பிரதி செய்து படம் போட்ட காலத்தில் லுச்சேராவில் ஒரு முஸ்லிமும் இல்லை.

ஆகவே மகனே, நீ கேட்டதற்குப் பதில். திராபியாவில் இத்ரிய்யா காய வைத்தவர்களின் வம்சம் இதுதான் என்று விரல் நீட்டிக் காட்ட எவரும் இல்லை. சிலர் வட ஆபிரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள், சிலர் மதம் மாறி அங்கேயே கலந்தார்கள், மற்றவர்கள் லுச்சேரா, அதற்குப் பிறகு அடிமைச் சந்தை. திராபானியில் இன்றும் மீன் ஆணத்தோடு கஸ்கஸ் சாப்பிடுகிறார்கள், ‘குஸ்குஸு’ என்றுதான் சொல்வார்கள். 827இல் காழி அஸத் இறங்கிய அந்த மாஸாரா துறைமுகத்துக்கு 1960களின் கடைசியிலிருந்து துனீசிய மீனவர்கள் கூலிக்கு வரத் தொடங்கினார்கள். இத்தாலிய முதலாளிமாரின் படகுகளில் வேலை. குடும்பங்களையும் கூட்டி வந்து, பாழடைந்து கிடந்த பழைய அரபுத் தெருக்களில் குடியிருக்கிறார்கள். பலேர்மோவிலும் இன்று வெளிநாட்டவர் பலர், நம் நாட்டுத் தமிழர்களே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

அந்தச் சகோதரி வரும் நோன்புக்கும் பெட்டி போடுவாராம். கஞ்சியும் சேர்த்துத்தான், விரும்பியவர்கள் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பிழைகள் இருந்தால் தெரிந்தவர்கள் திருத்துங்கள். வல்லாஹு அஃலம். வஸ்ஸலாம்.